நித்திலா கப்பலில் ஏறினாளா?

மாமியிடம் கையெழுத்து வாங்கத்தான் அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாடி வீடு. பங்குனி வெயில் படி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே மின்விசிறி கடகடவென்று சுற்ற, ஜெயலக்ஷ்மி மாமி ஜன்னலோரமாகத் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு நீர்மோர் கொடுத்தாகிவிட்டது. பெருங்காயம் தூக்கலாக இருந்தது.

“படி, கேக்கறேன்” என்றார்.

நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். அதை எழுதியதும் நான்தான். மூன்று நாள் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதியது. ‘உப்புக் கோள் தொடர்கதையின் ஆசிரியராகிய நான், அதன் முடிவை மாற்றிப் படமாக்கச் சம்மதிக்கவில்லை’ என்று தொடங்கும். நித்திலா திரும்பிப் போகாமல் அந்த உப்புக் கோளிலேயே தங்கிவிடுவதுதான் கதையின் உயிர் என்று நடுவில் வரும். படமெடுக்க வந்திருக்கும் நிறுவனம் அவளைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பப் போவதாகச் சொல்வது வாசகர்களுக்குச் செய்யும் துரோகம் என்று முடியும். கீழே எங்கள் இணையக் குழுவில் இருந்தவர்களின் பெயர்கள்.

படித்து முடித்தேன். என் பக்கத்தில் ஃபிலோமினா டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். தாவூத் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “தங்கிட்டாளா?” என்றார்.

“யாரு மாமி?”

“நித்திலா. அவ தங்கிட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

அந்தக் கதை

வாராவாரம் எழுதும் இந்தக் கட்டுரைத் தொடரில் இதுவரை மருத்துவமனை ஆய்வகத்தைப் பற்றியே எழுதிவந்தேன். திருச்சி தில்லை நகரில் முப்பது வருடத்துக்கு மேல் ரத்தமும் சளியும் பார்த்தவளுக்கு வேறு என்ன தெரியும்? ஆனால் போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: “மருங்காபுரிப் பக்கத்துப் பெண் நீங்கள், எப்படி லேப் படிப்புக்கு வந்தீர்கள்?” அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உப்புக் கோளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

அது ஒரு வார இதழில் வந்த விஞ்ஞானத் தொடர்கதை. எழுதியவர் பெயர் ‘ஜெயன்’ என்று போட்டிருக்கும். எங்கேயோ தூரத்தில் ஒரு கோள். கண்ணுக்கு எட்டிய வரை உப்பு. அதற்கு அடியில், ரொம்ப ஆழத்தில் தண்ணீர். அதை மேலே கொண்டுவரப் பன்னிரண்டு பேர் போகிறார்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள், இல்லையென்றால் மனம் உடைந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் நித்திலா மட்டும் மிஞ்சுகிறாள். அவள்தான் தண்ணீரைக் கொண்டுவருகிறாள். அந்த நேரம் பார்த்து அவளை அழைத்துப் போகக் கப்பல் வருகிறது. போனால் ஊர், உறவு. இருந்தால் தண்ணீரும் தனிமையும்.

கடைசி அத்தியாயத்தின் கடைசி வரிகள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ‘கப்பல் எழும்பியது. உப்புத் தூசி அடங்க வெகு நேரமாயிற்று. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் நிற்கவேயில்லை.’

அவ்வளவுதான். முற்றும்.

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. அப்பாவுக்கு ஒரு கிணறும் ஒரு மோட்டாரும் இருந்தன. எப்போது கரண்ட் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் யாராவது ஓடிப்போய்ப் போட வேண்டும், தண்ணீர் வாங்குகிறதா என்று நின்று பார்க்க வேண்டும், காய்ந்து ஓடினால் உடனே அணைக்க வேண்டும். மோட்டார் சத்தம் கேட்டால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நித்திலா போகவில்லை. மோட்டார் பக்கத்தில் நிற்கிறாள்.

ஆடி மாதம்

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி நான்கு மாதம். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே திருச்சியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அம்மா வீட்டில் இருந்தபோது இடம் கிடைத்ததாகத் தபால் வந்தது. “படிக்கட்டும்” என்று பெண் பார்த்த அன்றைக்குச் சொன்னவர் என் கணவர். இப்போது அவருடைய அம்மா கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா சொன்னதை மீறி அவருக்குப் பழக்கமில்லை. அவர் கெட்டவர் இல்லை, இதை எழுதியே ஆக வேண்டும். ஒரு நாளும் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் நான் எதற்காவது வாயைத் திறந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், அவர் சுவரைப் பார்ப்பார்.

பக்கத்து வீட்டில் சத்துணவு டீச்சர் ஒருவர் அந்த வார இதழை வாங்குவார். அவர் படித்து முடித்ததும் அது வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரும். கடைசி அத்தியாயம் அப்படித்தான் வந்தது. சனிக்கிழமை என்னை அழைத்துப்போக மாமியார் வீட்டார் வருவதாக இருந்தது. இரண்டு நாளில் நான்கு முறை அதைப் படித்தேன்.

சனிக்கிழமை காலையில் வந்தார்கள். பலகாரத் தட்டு, பூ, பழம். அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டு, “நான் வரலை” என்றேன்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாமியார் காதில் விழவில்லை போல, “என்ன?” என்றார். இன்னொரு தடவை சொன்னேன். “நான் வரலை. திருச்சிக்குப் படிக்கப் போறேன்.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். பஞ்சாயத்து, அழுகை, மறுபடி பஞ்சாயத்து. இரண்டு வருடம் இழுத்து முடிந்தது. அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார், நன்றாக இருக்கிறார். நான் செய்துகொள்ளவில்லை. ஹாஸ்டல், வேலை, வாடகை வீடு என்று திருச்சியிலேயே இருந்துவிட்டேன். தனியாக இருக்கிறோமே என்று மனசு தொய்யும் நாட்களில், எங்கேயோ ஒரு கோளில் நித்திலாவும் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது உதவியது.

ஞாயிற்றுக்கிழமைக் குழு

பிறகு ஃபோன் வந்தது, ஃபோனில் எல்லாம் வந்தது. பழைய தொடர்கதைகளைப் பேசும் ஒரு குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: “எந்த மாயாஜாலக் கதை, எந்த விஞ்ஞானக் கதை படமாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?” ஆளாளுக்கு எழுதினார்கள். ராஜகுமாரிகள், பறக்கும் யானைகள், காலத்தில் பின்னால் போகும் ரயில். நடுவில் ஒருவர் ‘உப்புக் கோள்’ என்று மட்டும் போட்டிருந்தார்.

உலகத்தில் இன்னொருவருக்கும் அது ஞாபகம் இருக்கிறது!

அவர்தான் ஃபிலோமினா டீச்சர். மேலப்புதூர்ப் பக்கம் வீடு. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது ஆள் தாவூத் பாய், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். பொட்டலம் கட்டுவதற்காக அவருடைய அத்தா வாங்கிப்போட்ட பழைய பத்திரிகைகளிலிருந்து சின்ன வயதில் உப்புக் கோளை ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்தார். மூன்று அத்தியாயம் மட்டும் இல்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிறு தில்லை நகரில் ஒரு ஹோட்டலில் கூடுவோம். டீச்சர் திருப்பலி முடிந்து வருவார், பாய் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். நித்திலாவாக யார் நடிப்பது என்று ரவா தோசை ஆறும் வரை சண்டை. உப்புப் பரப்பை எங்கே எடுப்பது என்று பாய் வரைபடம் போடுவார். யார் படம் எடுக்கப் போகிறார்கள் என்று யாராவது பக்கத்து மேஜையிலிருந்து கேட்டால் பதில் இல்லை. நாங்கள்தான் கம்பெனி கம்பெனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

கதாசிரியரையும் தேடினோம். ‘திருவரங்கம் ஜெயன்’ என்று ஓர் இடத்தில் அச்சாகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் இருந்த ஜெயராமன், ஜெயபால் எல்லோரையும் விசாரித்தாகிவிட்டது. ஒருவர், “கதையா? நான் கணக்கு வாத்தியார்ங்க” என்று வெற்றிலை கொடுத்து அனுப்பினார். கடைசியில் டெலிபோன் இலாகாவில் இருந்த டீச்சரின் மச்சினர்தான் சொன்னார், “எங்க எக்ஸ்சேஞ்சுல ஒரு ஜெயலக்ஷ்மி இருந்தாங்களே, நைட் டூட்டியில எழுதிக்கிட்டே இருப்பாங்களே” என்று.

ஆம்பளைப் பெயரில் எழுதினால்தான் விஞ்ஞானக் கதையைப் போடுவார்கள் என்று அந்தக் காலத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஜெயன் ஆனவர். உப்புக் கோளுக்குப் பிறகு அவர் எழுதவேயில்லை.

நாங்கள் கண்டுபிடித்தபோது அவருடைய பார்வை போக ஆரம்பித்திருந்தது. விழித்திரையில் நடுப்பகுதி கெட்டுவிட்டது. நேராகப் பார்த்தால் கறுப்பாக ஒரு மூட்டம், ஓரத்தில்தான் தெரியும். அதனால் எதைப் பார்க்க வேண்டுமோ அதற்குப் பக்கத்தில் பார்ப்பார். முதல் நாள் என்னிடம் பேசும்போது என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். எனக்குச் சட்டென்று வேறு ஒருவர் ஞாபகம் வந்து ஒரு மாதிரியாகிவிட்டது. பிறகுதான் காரணம் புரிந்தது.

“அந்தக் கப்பல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதும்மா” என்று அன்றைக்கு மாமி சொன்னார். “எழுதிட்டேனே தவிர, மனசுல சரியா வரவேயில்லை. யாராவது படம் எடுத்தா பாக்கலாம். கண்ணு அதுவரைக்கும் இருக்கணும்.”

அதற்கப்புறம் நாங்கள் இன்னும் வேகமாகக் கடிதம் எழுதினோம்.

ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. சென்னையிலிருந்து பிரவீன் என்று ஓர் இளம் இயக்குநர் கூப்பிட்டார். பாய் பைண்டு செய்த புத்தகத்தை வாங்கிப்போய்ப் படித்தார். எட்டுப் பகுதிகள் கொண்ட தொடராக எடுக்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் ஹோட்டலில் எல்லா மேஜைக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தோம்.

பிறகு எட்டுப் பகுதிகளின் கதைச்சுருக்கம் எங்களுக்கு வந்தது. எட்டாவதின் கடைசி வரி: ‘நித்திலா கப்பலில் ஏறுகிறாள்.’

தானாக ஓடும் மோட்டார்

இப்போது மாமியின் வீட்டுக்குத் திரும்பலாம்.

“யாரு சொன்னாவா? நீங்கதானே எழுதியிருக்கீங்க மாமி” என்றார் டீச்சர். “கப்பல் போன பிறகும் மோட்டார் சத்தம் நிக்கலைன்னு.”

“ஆமா, நிக்கலை. அது தானா ஓடற மோட்டார்டி. அவதானே அப்படிப் பண்ணி வெச்சா? இனிமே யாரு வந்தாலும் தண்ணி இருக்கணும்னு ஓட விட்டுட்டுக் கெளம்பிட்டா. நாங்க எக்ஸ்சேஞ்சுலேர்ந்து டூட்டி முடிஞ்சு ஆத்துக்கு வந்தாலும் மெஷின் அதுபாட்டுக்கு ஓடிண்டேதானே இருக்கும்? அந்தச் சத்தத்தைக் கேட்டுண்டே படி எறங்கி வருவேன். அதைத்தான் எழுதினேன்.”

டீச்சர் கையில் பேனா திறந்தபடி இருந்தது.

“அப்ப அவங்க... போயிட்டாங்களா?” என்றார் பாய்.

“பின்னே? மூணு வருஷம் உப்பைத் தின்னுண்டு கெடந்திருக்கா. கப்பல் வந்தா ஏற மாட்டாளா?”

“நாங்க எவ்வளவு நாளா அந்த முடிவைப் பத்திப் பேசறோம், நீங்க ஒண்ணுமே சொல்லலையே மாமி” என்றேன்.

“முடிவு பிரமாதம், முடிவு பிரமாதம்னு சொன்னேள். அவ போனதைத்தான் சொல்றேள்னு நெனச்சுண்டேன்” என்ற மாமி சிரிக்க ஆரம்பித்தார். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பாயும் சிரித்தார். டீச்சர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நான் மோர் டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன்.

பத்து நாள்

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. கீழே மணல்தான் அதிகம், தண்ணீர் ஒரு ஓரமாகக் கிடந்தது. மாமியின் மேல் எனக்குக் கோபம் வந்தது. காரணமே இல்லாத கோபம். அவர் கதை, அவர் மோட்டார். ஆனால் யாரோ என் வீட்டுக்குள் புகுந்து அஸ்திவாரத்தில் ஒரு கல்லை உருவிவிட்ட மாதிரி இருந்தது.

ஏதோ ஒரு வரியைத் தப்பாகப் படித்துவிட்டுத்தான் ஒரு கல்யாணத்தை விட்டு வந்தேனா? அவள் ஊருக்குப் போய் எல்லோரோடும் இருந்திருக்கிறாள். அவள் துணைக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு நான்தான் இங்கே தனியாக உட்கார்ந்திருந்தேனா?

பாயிடமிருந்து பைண்டு புத்தகத்தை வாங்கிவந்து கடைசி அத்தியாயத்தை மறுபடி படித்தேன். ஆய்வகத்தில் சந்தேகம் வந்தால் அதே கண்ணாடித் தகட்டைத் திரும்ப ஒரு தடவை பார்ப்போம், அந்த மாதிரி. எல்லாம் இருந்தது. நித்திலா படுக்கையைச் சுருட்டுகிறாள். இறந்துபோனவர்களின் பெயர்களைச் சுவரில் எழுதுகிறாள். மோட்டார் அறைச் சாவியை, வருகிறவர் கண்ணில் படும்படி வெளியே ஆணியில் மாட்டுகிறாள். தங்கப்போகிறவள் எதற்குச் சாவியை வெளியே மாட்டுவாள்? இத்தனை வருடத்தில் எத்தனை முறை படித்திருப்பேன். கண்ணில் படவேயில்லை.

பிரவீன் கதையை மாற்றவில்லை. எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார், அவ்வளவுதான்.

பத்து நாள் ஸ்ரீரங்கம் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் காலை மாமியே ஃபோன் செய்தார். பட்டனைத் தடவிப் பார்த்தே நம்பர் போடுவார், எக்ஸ்சேஞ்சு விரல்.

“ஏண்டி வரலை? கோவமா?”

“இல்லை மாமி.”

“பொய் சொல்றே. குரல்ல தெரியறது. வருஷக்கணக்கா குரலை மட்டுமே கேட்டவ நான்.”

யாரிடமும் முழுசாகச் சொல்லாததை அன்றைக்கு ஃபோனில் சொன்னேன். ஆடி மாதம், வியாழக்கிழமை வந்த பத்திரிகை, சனிக்கிழமை காலை, எல்லாம். மாமி குறுக்கிடாமல் கேட்டார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“வரலைன்னு சொன்னப்போ உங்கப்பா எங்க நின்னுண்டிருந்தார்?” என்று கேட்டார்.

“வாசல்ல. கிணத்திலேர்ந்து வந்து கால் கழுவிட்டிருந்தாங்க.”

“என்ன சொன்னார்?”

“முதல்ல ஒண்ணும் சொல்லலை. அப்புறம், ‘அவ சொல்றா இல்ல’ன்னாங்க. அவ்வளவுதான்.”

“மாமியார் ரெண்டாந்தரம் கேட்டப்போ, வேற ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்னு தோணலையா ஒனக்கு?”

யோசித்தேன். “தோணுச்சு. தலைவலி, அடுத்த வாரம் வரேன்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

“ஆனா சொல்லலை.”

“சொல்லலை.”

“அதை நான் எழுதலையேடி” என்றார் மாமி. “நான் எழுதினவளுக்கு மாமியாரும் கெடையாது, பலகாரத் தட்டும் கெடையாது. அவ என்ன, ஒரு பொட்டல் காட்டுல நின்னா. என் கதையில அப்படி நிலைப்படியில நின்னு சொல்றவ யாருமே இல்லை.” கொஞ்சம் நிறுத்தி, “ஒனக்கு வேணும்னா சொல்லு. பிரவீன்கிட்டே சொல்லி அவளைத் தங்க வெச்சுடச் சொல்றேன். எனக்கு எப்படி முடிஞ்சா என்ன? கப்பலைப் பாத்தாப் போறும்.”

நிஜமாகவே சொன்னார். நான் சரி என்றிருந்தால் செய்திருப்பார்.

வேண்டாம் என்றேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. சாவி ஆணியில் தொங்குவதைப் பார்த்த பிறகு அவளை அங்கே பிடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

டீச்சரின் கோபம்

ஆனால் ஃபிலோமினா டீச்சர் விடுவதாக இல்லை.

“எழுதினவங்க என்ன நெனச்சாங்கங்கறது வேற, என்ன எழுதினாங்கங்கறது வேற” என்றார். “இத்தனை பேர் ஒரே மாதிரி படிச்சிருக்கோம். கடிதத்தைக் குழுவில போடறேன். எல்லாரும் எதிர்ப்புத் தெரிவிக்கட்டும்.”

போட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களை நம்பித்தான் நிறுவனம் வந்தது, ரசிகர்கள் காத்திருக்கிறார்கள் என்று நாங்கள்தானே எழுதினோம்? ரசிகர்களே வேண்டாம் என்றால் அவர்கள் வேறு கதையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். மாமியின் வலது கண் அந்த மாதத்தோடு கிட்டத்தட்டப் போய்விட்டது. ஊசி போடும் டாக்டர், இடதையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்றுதான் சொன்னார்.

ஹோட்டலில் டீச்சருக்கு எதிரே புத்தகத்தை விரித்து, சாவி இருக்கும் வரியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இரண்டு பக்கம் முன்னால் போய்ப் படித்தார். அவருக்குக் கோபம் கூடியதே தவிர குறையவில்லை.

“நீதானே செல்வி இந்த முடிவுக்காக உயிரை விட்டே? இப்ப நீயே இப்படிப் பேசறே?”

“ஆமா டீச்சர். ஆனா மாமிக்குக் கண்ணு இருக்கும்போதே படம் வரணும்.”

“அப்ப கதை எப்படிப் போனாலும் பரவாயில்லையா?”

“அவங்க எழுதின மாதிரிதானே போகுது?”

தாவூத் பாய் இரண்டு பக்கமும் பேசாமல் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். டீச்சர் கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க ஃபோனைத் திறந்து திறந்து பார்த்தேன். குழுவில் கடிதம் வரவில்லை. டீச்சரும் வரவில்லை. ஞாயிறுகளில் நானும் பாயும் மட்டும் உட்கார்ந்து, பேச விஷயமில்லாமல், காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம். ஒரு கதை எங்களைச் சேர்த்தது. அதுவே பிரித்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஒப்பந்தத்தில் மாமி கையெழுத்துப் போட்ட அன்று, எங்கே போட வேண்டும் என்று நான்தான் விரலைப் பிடித்து வைத்தேன். ‘ஜெயன்’ என்று எழுதிவிட்டார். பிறகு அடித்துவிட்டு முழுப் பெயரை எழுதினார். பிரவீன் சிரித்துக்கொண்டே, “ரெண்டும் இருக்கட்டும்மா” என்றார்.

எட்டாவது பகுதி

தொடர் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உப்பளத்தில் எடுத்தார்கள். நடுவில் ஒரு முறை நின்று போய், மறுபடி தொடங்கியது. அதற்குள் மாமியின் இடது கண்ணிலும் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

வெளிவந்த முதல் ஞாயிறு, காலையிலேயே மாமியின் வீட்டில் கூடினோம். நானும் பாயும் டிவியைச் சுவரிலிருந்து கழற்றி மாமியின் நாற்காலிக்கு ஒரு முழம் தூரத்தில் மேஜை போட்டு வைத்தோம். முதல் பகுதி தொடங்கும் நேரம் படியில் செருப்புச் சத்தம். ஃபிலோமினா டீச்சர். திருப்பலிக்குக் கட்டிய புடவையோடு வந்து, யாரையும் பார்க்காமல் மாமியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

“வாடி” என்றார் மாமி. “நகராதே, நீ உக்காந்தா எனக்கு வெளிச்சம் சரியா இருக்கு.”

இரண்டாவது பகுதியில், பன்னிரண்டு பேரையும் ஏற்றிப் போகும் கப்பல் வந்தது. மாமி தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கோபித்துக்கொண்டவர் போல அலமாரியைப் பார்த்தபடி, ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மேஜையில் கையை ஊன்றி எழுந்து, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இந்த ஓரமும் அந்த ஓரமுமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவு பெரிசா?” என்றார். “நான் நம்மூர் டவுன் பஸ் மாதிரி நெனச்சுண்டிருந்தேன்.”

எட்டுப் பகுதிகளையும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து பார்த்தோம். டீச்சர் முதலில் பேசவில்லை. நான்காவது பகுதியில் யாரோ குழாயைத் தப்பாகத் திருகியபோது, “அழுத்தம் அந்தப் பக்கமா வராது” என்று அவரையும் மீறி வாயைவிட்டார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்குப் பிறகு வழக்கம் போலக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கடைசிப் பகுதி ஓடும்போது மணி பன்னிரண்டு இருக்கும். கீழே வீதியில் யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். திரையில் சாயங்கால வெளிச்சம், எல்லாம் மங்கலாக எடுத்திருந்தார்கள். மாமி கொஞ்ச நேரம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த மங்கலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நித்திலாவாக நடித்த பெண் எங்கள் பட்டியல் எதிலும் இல்லாதவள். கறுப்பு, ஒல்லி, நடையில் ஒரு களைப்பு. படுக்கையைச் சுருட்டினாள். பெயர்களை எழுதினாள். கப்பலின் கதவு திறந்து காத்திருந்தது. அவள் அதை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். டீச்சரின் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

முதல் படியில் கால் வைத்தாள். நின்றாள். பின்னால் திரும்பி, அந்த வெள்ளைப் பரப்பு முழுவதையும் ஒரு முறை பார்த்தாள். அழவில்லை. பிறகு விறுவிறுவென்று மீதிப் படிகளை ஏறி உள்ளே போனாள்.

வசனம் எதுவும் இல்லை. வெறும் சத்தங்கள். மாமி முன்னால் குனிந்தார்.

“ஏறிட்டாளா?”

பாய் என்னைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார்.

“ஏறிட்டா மாமி” என்றேன்.

“தயங்கினாளா?”

“முதல் படியில கொஞ்சம் நின்னா. திரும்பிப் பாத்தா. அப்புறம் மடமடன்னு ஏறிட்டா.”

“நன்னா ஏறினாளா?”

“நல்லா ஏறினா மாமி” என்றேன். “ரொம்ப நல்லா ஏறினா.”